பாய்மரப் படகின் இன்போர்டு இன்ஜினுக்கு ஆயில் மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

காரை மேலே ஏற்றி, அடியில் படுத்து, போல்ட்டைக் கழற்றினால் ஆயில் தானாக இறங்கிவிடும். படகில் அந்த வசதி கிடையாது. இன்ஜின் உட்கார்ந்திருப்பதே படகின் ஆகத் தாழ்வான இடத்தில். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் பேனுக்கும் படகின் அடிப்பலகைக்கும் நடுவே பல படகுகளில் கைகூட நுழையாது. ட்ரெய்ன் போல்ட் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும், ஆனால் அதை நீங்கள் கண்ணால் பார்க்கப் போவதில்லை. எட்டினாலும் கீழே பாத்திரம் வைக்க இடமிருக்காது.

அதனால் ஆயிலைக் கீழே இறக்காமல் மேலே உறிஞ்சி எடுக்கிறோம். புதிய ஆயிலை ஊற்றுவது ஒரு வேலையே இல்லை. பழையதை முழுசாக வெளியே எடுப்பதும், எடுக்கும்போது ஒரு சொட்டும் பில்ஜில், அதாவது படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், விழாமல் பார்த்துக்கொள்வதும்தான் வேலை. எனவே இங்கே அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

இங்கே பேசுவது படகுக்கு உள்ளேயே பொருத்திய சிறிய டீசல் இன்ஜின்களை, அதாவது இன்போர்டுகளைப் பற்றி: ஒன்று முதல் நான்கு சிலிண்டர் வரையுள்ள யான்மார், வால்வோ பென்டா, பீட்டா, பெர்கின்ஸ் வகையறா. அளவு, இடைவெளி, ஆயில் தரம் எல்லாவற்றிலும் உங்கள் இன்ஜினின் கையேடு சொல்வதே முடிவானது. நான் சொல்வது அதோடு முரண்பட்டால் கையேட்டின் பக்கம் நில்லுங்கள்.

எப்போது மாற்றுவது

பாய்மரப் படகின் இன்ஜின் உழைத்துக் கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். துறைமுகத்தை விட்டு வெளியே வர இருபது நிமிடம் ஓடும். பாய் ஏற்றியதும் நிறுத்திவிடுவோம். திரும்பி வரும்போது இன்னொரு இருபது நிமிடம். நங்கூரம் போட்டு நிற்கையில் பேட்டரி சார்ஜ் ஏற ஐடிலில் ஒரு மணி நேரம். இப்படி ஓடும் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே அபூர்வம்.

சூடு ஏறாத இன்ஜினில் மூன்று கேடுகள் சேர்ந்து நடக்கின்றன. எரியாமல் மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கிறது. எரிந்த வாயுவில் இருக்கும் ஈரம் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸுக்குள் குளிர்ந்து தண்ணீராகத் தங்குகிறது. நன்றாகச் சூடான இன்ஜினில் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறிவிடும், இதில் வெளியேறாது. மூன்றாவது, டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அந்தத் தண்ணீரோடு கலந்து அமிலமாகிறது. ஆயிலில் அமிலத்தை முறிக்கும் காரச் சேர்மானம் போட்டிருக்கிறார்கள் என்றாலும் அது பயன்படப் பயன்படத் தீர்ந்துபோகும் சரக்கு. தீர்ந்த பிறகு அமிலம் பேரிங் உலோகத்தை அரிக்கத் தொடங்கும்.

இதனால்தான் கையேடுகள் மணிக்கணக்கைச் சொல்லிவிட்டு, 'அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அது' என்று சேர்க்கின்றன. யான்மாரின் பழைய ஜிஎம் வரிசைக்கு 100 மணி நேரம், பின்னால் வந்த ஒய்எம் வரிசைக்கு 150 மணி நேரம். வேறு சில இன்ஜின்களுக்கு 200, 250 என்றும் போகும். புது இன்ஜினுக்கும், ஓவர்ஹால் செய்து முடித்த இன்ஜினுக்கும் முதல் மாற்றம் பெரும்பாலும் 50 மணி நேரத்தில். வாரக் கடைசியில் மட்டும் படகெடுப்பவர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரம் ஓடினாலே அதிகம் என்பதால், அவர்களுக்கு நடைமுறையில் ஆண்டுக் கணக்குதான்.

படகைச் சில மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைக்கப் போகிறீர்களா? நிறுத்துவதற்கு முன்பே ஆயிலை மாற்றுங்கள். 'எப்படியும் திரும்ப எடுக்கும்போது மாற்றத்தானே போகிறோம்' என்று பலர் தள்ளிப்போடுவார்கள். அப்படித் தள்ளினால் அமிலமும் தண்ணீரும் கலந்த ஆயில் பேரிங்மேல் மாதக்கணக்கில் ஊறிக்கிடக்கும். புது ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி, உள்ளே எல்லா இடத்திலும் அது படிந்த பிறகு நிறுத்தி வைப்பதே சரி.

எந்த ஆயில்

டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ தரக் குறியீடு இருக்கும். அதில் 'சி' என்று தொடங்குவது டீசல் இன்ஜினுக்கு, 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோல் இன்ஜினுக்கு. பழைய படகு இன்ஜின்களின் கையேடுகளில் சிசி, சிடி என்று போட்டிருக்கும். அந்தத் தர ஆயில் இப்போது கடைகளில் கிடைப்பது அரிது. அதற்குப் பின் வந்த சிஎஃப்-4, சிஐ-4 தாராளமாகப் போதும். 2016 கடைசியில் வந்த சிகே-4 தரமும் முந்தைய தரங்களுக்குப் பதிலாகப் பயன்படும்படி உருவானதே. கந்தகம் அதிகமுள்ள டீசல்தான் கிடைக்கிறது என்றால் காரச் சேர்மானம் கூடுதலாக உள்ள சிஐ-4 நல்ல தேர்வு. அப்படியே மாற்றும் இடைவெளியையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டித்தன்மைக்குப் பெரும்பாலான சிறு படகு டீசல்களில் 15டபிள்யூ-40 போதும். மினரலா, சிந்தெடிக்கா என்ற விவாதம் படகுக்காரர்கள் கூடும் இடமெல்லாம் ஓயாமல் நடக்கும். என் கருத்து இது: சிந்தெடிக் ஆயிலின் பெரிய லாபம் அதிக மணி நேரம் தாங்குவது. நாமோ மணிக்கணக்கு முடியும் முன்பே ஆண்டுக் கணக்கில் மாற்றிவிடுகிறோம். அந்தப் பணத்தில் நல்ல டீசல் தர மினரல் ஆயிலை வாங்கி, சரியான நேரத்தில் மாற்றினால் பழைய இன்ஜினுக்கு அதுவே மேல்.

வாங்கும் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். யான்மார் 1ஜிஎம்10 போன்ற ஒற்றைச் சிலிண்டருக்கு 1.3 லிட்டர்தான். மூன்று சிலிண்டர் 3ஜிஎம்30 இன்ஜினுக்கு 2.6 லிட்டர். வாங்கும்போது ஒரு லிட்டர் கூடுதலாக வாங்கி, படகிலேயே வைத்திருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஆயிலை உறிஞ்சும் பம்பில் மூன்று வகை உண்டு. பித்தளைக் கைப்பம்ப் விலை குறைவு. ஆனால் ஒரு கை பம்பிலும் ஒரு கை குழாயிலும் இருக்க, டப்பாவைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டியிருக்கும். 12 வோல்ட் மின்சார பம்ப் வேகமானது. சில படகுகளில் அதை நிரந்தரமாகவே பொருத்தி, சம்ப்பிலிருந்து (ஆயில் பேனைத்தான் இப்படியும் சொல்வார்கள்) தனிக் குழாய் விட்டிருப்பார்கள். ஆயில் தீர்ந்த பிறகும் வெறுமனே ஓடவிட்டால் அது கெட்டுப்போகும். மூன்றாவது, வெற்றிடத்தில் இயங்கும் டப்பா பம்ப். மேலே கைப்பிடியைச் சில தடவை இழுத்துவிட்டால் டப்பாவுக்குள் வெற்றிடம் உண்டாகி, ஆயில் தானாக ஏறிவரும். அது ஏறிக்கொண்டிருக்கும்போது உங்கள் கைகள் காலியாக இருக்கும். ஆயில் மூடிய டப்பாவுக்குள் போய்ச் சேருவதால் தட்டிக் கொட்டும் அபாயமும் குறைவு. ஆடிக்கொண்டிருக்கும் படகில் இதைவிட வேறென்ன வேண்டும்? சொந்தமாக ஒன்று வாங்குவதானால் இதையே வாங்குங்கள்.

மற்றபடி: புது ஆயில் ஃபில்டர், ஃபில்டர் கழற்றும் ரெஞ்ச், புனல், கைகொள்ளாத அளவுக்கு வேஸ்ட் துணி, எண்ணெயை மட்டும் உறிஞ்சும் வெள்ளை நிறப் பஞ்சு விரிப்புகள், ஓட்டையில்லாத கெட்டியான பிளாஸ்டிக் பைகள் நான்கைந்து, ரப்பர் கையுறை, டார்ச், மார்க்கர் பேனா. பழைய இன்ஜின் ஆயில் தோலில் தொடர்ந்து படுவது புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியது. கையுறையை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் அன்றைக்கு வேலையை ஒத்திவைப்பதே நல்லது.

ஃபில்டரை வாங்கும்போது வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மரை ஒத்துப்போகிற இன்னொரு ஃபில்டர் உள்ளே வேறு அமைப்பில் இருக்கக்கூடும். படகு இன்ஜின்களில் ஃபில்டர் பெரும்பாலும் படுக்கைவாட்டில் இருக்கும். இன்ஜின் நின்றதும் அதிலுள்ள ஆயில் வடிந்துபோகாமல் தடுக்கும் ரப்பர் வால்வு உள்ளே இல்லையென்றால், ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் பேரிங்குகள் சில விநாடி ஆயில் இல்லாமல் உராயும்.

தொடங்கும் முன்

முதல் வேலை, பில்ஜ் பம்பின் தானியங்கி சுவிட்சை ஆஃப் செய்வது. தவறி ஆயில் பில்ஜில் கொட்டினால் அந்தத் தானியங்கி பம்ப் உங்களைக் கேட்காமலேயே அதைத் தண்ணீரில் கொட்டிவிடும். சுவிட்ச்மேல் ஒரு டேப் ஒட்டி 'பில்ஜ் ஆஃப்' என்று எழுதிவையுங்கள், முடிந்ததும் ஆன் செய்ய மறக்காமல் இருக்க. படகுக்குள் எங்காவது தண்ணீர் கசிகிறது என்றால் இந்தச் சுவிட்ச் நீண்ட நேரம் ஆஃபில் இருப்பதும் ஆபத்துதான்.

அடுத்து இன்ஜினுக்குக் கீழே உறிஞ்சும் விரிப்பை இடைவெளி விடாமல் பரப்புங்கள். ஃபில்டருக்கு நேர் கீழே இரண்டு அடுக்கு.

இனி இன்ஜினைச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த ஆயில் மெல்லிய குழாயில் ஏறவே ஏறாது. அதோடு, ஓடும்போதுதான் அடியில் படிந்த கரியும் கசடும் ஆயிலோடு கலக்கும், கலந்தால்தான் அதனோடு வெளியே வரும். ஐடிலில் ஓட்டினால் டீசல் இன்ஜின் சூடாக வெகுநேரம் ஆகும். படகை நன்றாகக் கட்டிவிட்டு, முன் கியரில் மெதுவாகப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். கயிறுகளின் இறுக்கத்தை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். படகு கரையில் தாங்கிகள் மேல் இருந்தால், கடல்நீர் உள்ளே வரும் குழாயைக் கழற்றி ஒரு பெரிய வாளித் தண்ணீரில் போட்டு, வாளி காலியாகாமல் ஊற்றிக்கொண்டே நியூட்ரலில் ஓட்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கடல்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சீக்கிரமே பிய்ந்துவிடும்.

இன்ஜினை நிறுத்தியதும் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். இன்ஜின் பேட்டரி சுவிட்சையும் ஆஃப் செய்யுங்கள், மின்சார பம்ப் வைத்திருப்பவர்கள் தவிர. பிறகு பத்து நிமிடம் காத்திருங்கள். மேலே வால்வு பக்கம் இருக்கும் ஆயில் வடிந்து சம்ப்புக்கு வரும். கையைச் சுடும் சூடும் தணியும். கொதிக்கக் கொதிக்க எடுத்தால் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இளகி மடங்கிவிடும்.

பழைய ஆயிலை எடுத்தல்

ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி மட்டத்தைப் பார்த்துக்கொண்டு, துடைத்து, அதன் பக்கத்தில் உறிஞ்சு குழாயை வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். டிப்ஸ்டிக்கின் கைப்பிடி எங்கே நிற்குமோ அந்த உயரத்தில் குழாய்மேல் ஒரு டேப் சுற்றுங்கள். டிப்ஸ்டிக்கின் நுனி பெரும்பாலும் சம்ப்பின் அடியைத் தொடாது. அதனால் டேப் அடையாளத்தைத் தாண்டியும் குழாய் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். அடையாளத்துக்கு முன்பே நின்றுவிட்டால் வழியில் எங்கோ இடிக்கிறது என்று பொருள். அழுத்தித் திணிக்காமல், சற்று இழுத்து, விரலுக்கிடையில் உருட்டித் திருப்பி மறுபடி விடுங்கள்.

குழாயின் நுனியை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டிவையுங்கள். நேராக வெட்டிய நுனி சம்ப்பின் தரையில் ஒட்டிக்கொண்டால் எதுவும் ஏறாது. அடியில் தட்டியது கைக்குத் தெரிந்ததும் ஒரு நகக்கண் அளவு மேலே தூக்கிக்கொள்ளுங்கள்.

சில இன்ஜின்களில் டிப்ஸ்டிக் குழாயே சம்ப்பின் அடிவரை இறங்கியிருக்கும். அங்கே மெல்லிய குழாயை உள்ளே விட வேண்டியதில்லை. பம்பின் குழாயை டிப்ஸ்டிக் குழாயின் வாயிலேயே காற்றுப் புகாமல் பொருத்தினால் போதும், வேகமாகவும் வரும். உங்கள் இன்ஜின் அந்த ரகமா என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

பம்பை இயக்கியதும் ஒரு நொடி தாமதித்து, கறுப்பு நூல் ஏறுவதுபோல ஆயில் குழாயில் ஏறும். நிதானமாக ஏறட்டும். கொஞ்ச நேரத்தில் 'களக் களக்' என்று காற்றும் ஆயிலும் மாறி மாறி வரும். முடிந்துவிட்டது என்று பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். முடிந்திருக்காது. குழாயை ஓர் அங்குலம் மேலே இழுத்து, திருப்பி, மறுபடி அடிவரை விட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாய் சுருளில் சுற்றியிருந்த பழக்கத்தில் உள்ளேயும் வளைந்து, அதன் வாய் ஆயிலுக்கு மேலே நின்றிருக்கலாம். ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை உறிஞ்சுங்கள்.

இன்ஜின்கள் பொதுவாக ப்ரொப்பெல்லர் தண்டின் சாய்வுக்கு ஏற்பப் பின்பக்கம் தாழ்ந்தே உட்கார்ந்திருக்கும். டிப்ஸ்டிக் துளை முன்பக்கம் இருந்தால் மிச்ச ஆயில் பின்னால் தேங்கிவிடும். சிறிய படகென்றால் உடன் இருப்பவரை முன்முனைக்குப் போய் நிற்கச் சொல்லுங்கள். அந்தச் சாய்வுக்கே இன்னும் கொஞ்சம் வந்து சேரும்.

வெளியே வந்த ஆயிலை அளந்து பார்க்க வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். டப்பாவிலேயே அளவுக்கோடு இருக்கும், இல்லாவிட்டால் பிறகு ஊற்றும் பாத்திரத்தில் பாருங்கள். கையேடு 2.6 லிட்டர் என்கிறது, வந்தது 1.7 லிட்டர்தான் என்றால், ஒன்று இன்ஜினில் ஆயில் குறைவாக ஓடியிருக்கிறது, அல்லது மிச்சம் உள்ளேயே இருக்கிறது. எது என்பதைத் தொடங்கும் முன் டிப்ஸ்டிக்கில் பார்த்த மட்டம் சொல்லிவிடும். ஃபில்டருக்குள் மட்டும் கால் லிட்டர் அளவுக்கு இருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஃபில்டர்

சில பழைய கையேடுகள் இரண்டு மூன்று ஆயில் மாற்றத்துக்கு ஒருமுறை ஃபில்டரை மாற்றினால் போதும் என்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. புது ஆயிலை ஊற்றிவிட்டு அழுக்கு ஃபில்டரையும் அதிலிருக்கும் பழைய ஆயிலையும் உள்ளேயே விட்டுவைப்பதில் மிச்சமாவது ஒரு ஃபில்டரின் விலை மட்டும்தான்.

சம்ப்பைக் காலி செய்த பிறகே ஃபில்டரைத் தொடுங்கள். படுக்கைவாட்டு ஃபில்டரை எவ்வளவு கவனமாகக் கழற்றினாலும் விளிம்பிலிருந்து ஆயில் வழியத்தான் செய்யும். அதற்குக் கீழே பெரும்பாலும் ஸ்டார்ட்டர் மோட்டாரோ வயரிங்கோ இருக்கும். அவற்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்துங்கள். பக்கவாட்டில் வெட்டிய தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தொட்டி மாதிரி ஃபில்டருக்கு அடியில் நுழைக்க முடிந்தால் நல்லது.

ரெஞ்சால் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். உடனே ரெஞ்சை எடுத்துவிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பையை ஃபில்டர்மேல் முழுசாக மாட்டி, பையின் வாய் இன்ஜின் பிளாக்கை ஒட்டி இருக்கும்படி ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பைக்கு மேலிருந்தே மறு கையால் திருகுங்கள். வழிவதெல்லாம் பைக்குள்ளேயே விழும். மரையை விட்டு வந்ததும் ஃபில்டரின் வாயை மேலே நிமிர்த்திப் பையோடு தூக்கிவிடலாம்.

இறுகிப்போன ஃபில்டருக்குப் பட்டை ரெஞ்ச் உதவும். வழுக்கினால் பட்டைக்கும் ஃபில்டருக்கும் நடுவே உப்புத்தாள் ஒரு துண்டு வையுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்பும் வித்தையைப் பலர் சொல்வார்கள். தகரம் கிழிந்துபோய் ஃபில்டர் மட்டும் அசையாமல் நின்றால், ஓட்டை ஃபில்டரோடு இன்ஜினை ஓட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. வேறு வழியே இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

கழற்றிய ஃபில்டரில் ரப்பர் கேஸ்கட் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். இல்லாவிட்டால் அது பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு கேஸ்கட் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறியதும் பீறிட்டு, முழு ஆயிலையும் பில்ஜில் கொட்டிவிடும். பிளாக்கின் முகத்தை டார்ச் அடித்துப் பார்த்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, சுத்தமான துணியால் துடையுங்கள்.

புது ஃபில்டரின் கேஸ்கட்டில் புது ஆயிலைத் தடவுங்கள். ஃபில்டர் செங்குத்தாக வாய் மேலாக மாட்டும் வகையாக இருந்தால் முக்கால்வாசி ஆயில் நிரப்பி மாட்டலாம், படுக்கைவாட்டுக்கு அது ஆகாது. கையால் திருகிக்கொண்டே போங்கள். கேஸ்கட் முகத்தைத் தொட்டது தெரிந்ததும் அங்கிருந்து முக்கால் சுற்று. கை இறுக்கமே போதும், ரெஞ்ச் வேண்டாம். மாட்டும் முன்பே மார்க்கரால் தேதியையும் இன்ஜின் மணிக்கணக்கையும் ஃபில்டர்மேல் எழுதிவிடுங்கள்.

புது ஆயில் ஊற்றுதல்

உறிஞ்சு குழாயை வெளியே எடுத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொண்டு, புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். சிறிய இன்ஜின்களில் ஆயில் ஊற்றும் வாய் வால்வு கவர்மேல் இருக்கும். அங்கிருந்து சம்ப்புக்கு இறங்கும் பாதை குறுகலானது. அவசரப்பட்டால் பொங்கி வெளியே வழியும். கையேட்டு அளவில் ஐந்தில் நான்கு பங்கை ஊற்றிவிட்டு, பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். உள்ளே கொஞ்சம் பழைய ஆயில் எப்போதும் தங்கியிருக்கும் என்பதால், முழு அளவையும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் மட்டம் தாண்டிவிடும்.

டிப்ஸ்டிக்கை எப்படிப் படிப்பது என்பதிலும் இன்ஜினுக்கு இன்ஜின் வித்தியாசம் உண்டு. மரை உள்ள டிப்ஸ்டிக்கைச் சிலவற்றில் முழுசாகத் திருகிய பிறகு பார்க்க வேண்டும், சிலவற்றில் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும். இதையும் கையேட்டில் பாருங்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது பார்க்கும் மட்டம் பொய் சொல்லும்.

ஆயில் குறைந்தால் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கெடுதல்தான். கிராங்க் சுழலும்போது ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்கு உராய்வைத் தாங்கும் சக்தி கிடையாது. மிகுதி ஆயில், கிராங்க்கேஸின் வாயு வெளியேறும் ப்ரீதர் குழாய் வழியாக இன்ஜின் உறிஞ்சும் காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகலாம். டீசல் இன்ஜின் அதையும் எரிபொருளாக எரித்துவிடும். மிக மோசமான நிலையில் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துக் கட்டுப்பாடில்லாமல் வேகம் ஏறும், ஸ்டாப் லீவரை இழுத்தாலும் நிற்காது. அப்போது காற்று போகும் வழியை ஒரு பலகையாலோ தடித்த துணிக்கட்டாலோ அடைப்பதுதான் வழி. வெறும் கையை வைக்காதீர்கள். கூடுதலாகிவிட்டது தெரிந்தால் கவலை வேண்டாம், உறிஞ்சு பம்ப் பக்கத்திலேயே இருக்கிறது, வேண்டிய அளவு திரும்ப எடுத்துவிடலாம்.

முதல் ஸ்டார்ட்

புது ஃபில்டர் காலியாக இருப்பதால் ஆயில் அழுத்தம் வரச் சில விநாடி பிடிக்கும். அதற்காக ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி, இன்ஜின் ஓடத் தொடங்க விடாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் அதைச் சுற்றி, அழுத்தம் வந்த பிறகு ஸ்டார்ட் செய்வது லாரி மெக்கானிக்குகளின் பழக்கம். படகில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இன்ஜின் சுற்றும்போதெல்லாம் கடல்நீர் பம்பும் சுற்றி, எக்ஸாஸ்ட் குழாயின் வழியில் தண்ணீர் சேரும் வாட்டர்லாக் பெட்டிக்குள் தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஓடினால்தான் புகையின் வேகம் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும். ஓடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெட்டி நிரம்பி, தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியே பின்னோக்கி ஏறிச் சிலிண்டருக்குள் புகும்.

ஆகவே நீண்ட நேரம் சுற்றாதீர்கள். சுற்றியே ஆக வேண்டுமென்றால் கடல்நீர் உள்ளே வரும் வால்வான சீகாக்கை மூடிவிட்டு ஐந்து விநாடி சுற்றுங்கள். சுற்றி முடித்ததும் இன்ஜின் சாவியை எடுத்து அந்தச் சீகாக்கின் கைப்பிடியிலேயே மாட்டிவைத்தால், திறக்காமல் ஸ்டார்ட் செய்ய வழியே இருக்காது. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் என்றால் நேரடியாக ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஐடிலில் விடுவதே என் வழக்கம். ஆயில் அழுத்தம் இல்லாதபோது ஒலிக்கும் பஸ்ஸர் வழக்கத்தைவிட ஓரிரு விநாடி கூடுதலாக ஒலித்து அடங்கும். பத்து விநாடி ஆகியும் அடங்கவில்லையென்றால் உடனே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

பஸ்ஸர் நின்றதும் எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஃபில்டரின் விளிம்பில் டார்ச் அடித்து, அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். பெல்ட்டுக்குக் கிட்டே சட்டைக் கையைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடினால் போதும். நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு மட்டத்தைப் பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஃபில்டர் குடித்த அளவு அது. மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி ஊற்றி முடியுங்கள்.

இப்போது பில்ஜ் பம்ப் சுவிட்சிலுள்ள டேப்பை எடுக்கலாம். ஆனால் முதலில் பில்ஜைப் பாருங்கள். ஆயில் சிந்தியிருந்தால் உறிஞ்சும் விரிப்பால் ஒற்றி எடுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி பம்ப் செய்யும் யோசனை வேண்டாம். சோப்பு எண்ணெயை மறைக்குமே தவிர நீக்காது, அது அப்படியே தண்ணீருக்குள் போகும்.

பழைய ஆயில் சொல்லும் சேதி

டீசல் இன்ஜினில் புது ஆயில் சில நிமிட ஓட்டத்திலேயே கறுத்துவிடும். அது கரித்தூளைச் சுமக்கிறது, அதன் வேலையே அதுதான், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது பால் விட்ட காபி நிறத்துக்கு. தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்ணிறப் பசை படிந்திருந்தால், அது குறுகிய ஓட்டத்தால் சேர்ந்த ஈரமாக இருக்கக்கூடும். நன்றாகச் சூடேற ஓட்டிப் பாருங்கள். சம்ப்பு முழுக்க அந்த நிறம் என்றால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜின் மேலேயே பொருத்திய கடல்நீர் பம்பின் சீல் போயிருக்கலாம், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், எக்ஸாஸ்ட் வழியே தண்ணீர் ஏறியிருக்கலாம். கடல்நீர் என்றால் ஒவ்வொரு மணி நேரமும் துரு ஏறிக்கொண்டிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்து, மலிவான ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி எடுத்து, நிறம் தெளியும்வரை திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். இதற்கு மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

மட்டம் குறையாமல் கூடிக்கொண்டே வருகிறது, நிறம் மாறவில்லை, முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கிறது என்றால், டீசல் ஊட்டும் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து டீசல் கிராங்க்கேஸுக்குள் இறங்குகிறது என்று சந்தேகப்படுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அவுன்ஸ் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். சோடியம் கூடியிருந்தால் கடல்நீரோ கூலன்டோ உள்ளே வருகிறது. ஈயமும் செம்பும் கூடினால் பேரிங் தேய்கிறது. இரும்பும் குரோமியமும் சேர்ந்து கூடினால் சிலிண்டரும் ரிங்கும். ஒரு தடவை வந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்று நான்கு ஆண்டு எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் போக்கு புரியும். பழைய படகு வாங்கும்போது மட்டும் ஒரே சோதனைக்கும் மதிப்பு உண்டு.

கியர்பாக்ஸை மறக்காதீர்கள்

கியர்பாக்ஸுக்கு ஆயில் தனி, டிப்ஸ்டிக்கும் தனி. சிலவற்றுக்கு இன்ஜின் ஆயில், சிலவற்றுக்குச் சிவப்பு நிற ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். பெட்டியின் மேல் உள்ள தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும், ஊகித்து ஊற்றாதீர்கள். அளவு கொஞ்சம்தான். அதே உறிஞ்சு பம்பால் எடுத்துவிடலாம், குழாயை மட்டும் முதலில் துடைத்துக்கொள்ளுங்கள். செயில்டிரைவ் (படகின் அடி வழியாகக் கீழே இறங்கும் காலில் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் அமைப்பு) என்றால் அந்தக் கீழ்க்கால் தண்ணீருக்குள் இருப்பதால் பெரும்பாலும் படகு கரையேறும்போதுதான் மாற்ற முடியும். அதில் பால் நிறம் கண்டால் ப்ரொப்பெல்லர் தண்டின் சீல் போயிருக்கலாம்.

பழைய ஆயிலும் குறிப்பேடும்

கப்பல்களிலிருந்து கடலில் எண்ணெய் கலப்பதைத் தடுக்கும் மார்ப்பால் உடன்படிக்கையின் முதல் இணைப்பு 1983 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சிறிய படகென்று ஆயிலைத் தண்ணீரில் கொட்டலாம் என்ற எண்ணமே கூடாது. பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் தனியாக ஊற்றி, மறுசுழற்சிக்கு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். அதில் கூலன்டையோ பெட்ரோலையோ கலந்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். ஃபில்டரை வாய் கீழாகக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு, வடிந்ததையும் அதே கேனில் சேர்த்து, ஃபில்டரைத் தனிப் பையில் கட்டிக் கொடுங்கள்.

குறிப்பேட்டில் தேதி, இன்ஜின் மணிக்கணக்கு, ஆயிலின் தரமும் கெட்டித்தன்மையும், ஃபில்டர் எண், வெளியே வந்த அளவு, உள்ளே போன அளவு என எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசி இரண்டும்தான் அடுத்த ஆண்டு உதவும். மறுநாள் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள், ஃபில்டருக்குக் கீழே விரித்த வெள்ளை விரிப்பையும் பாருங்கள். புதுக்கறை இல்லையென்றால் விரிப்பை எடுத்துவிடலாம். நான் அதை அங்கேயே விட்டுவைப்பேன், அடுத்து எங்கே கசிந்தாலும் முதலில் அதில்தான் தெரியும்.